ஆத்துல போட்டு குளத்துல தேடலாமா?

போன வாரம் தங்கச்சி போன் பண்ணினா. ஊர்க்கதை, மழைக்கதை எல்லாம் முடிஞ்சப்புறம் மெதுவா ஆரம்பிச்சா.

"அண்ணே, இவன் பிளஸ் டூ முடிச்சிட்டான். நாலு வருசம் அஞ்சு வருசம்னு இழுக்காம, சீக்கிரம் முடியற மாதிரி, முடிச்ச உடனே வேலை கிடைக்கற மாதிரி ஏதாச்சும் இருந்தா சொல்லேன். உனக்குத்தான் நாலு விஷயம் தெரியும்."

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. "யோசிச்சு சொல்றேம்மா"ன்னு போனை வச்சிட்டேன். ஏன்னா, இதே கேள்வியை இதுக்கு முன்னாடி ஒருத்தர் என்கிட்ட கேட்டிருக்கார். நானும் நாலு விஷயம் தெரிஞ்சவன் மாதிரி பதில் சொல்லியிருக்கேன். அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன். அப்புறம் விஷயத்துக்கு வருவோம்.

2013-ல எங்க பெரியப்பா பையன், எனக்கு அண்ணன் முறை, தன் மகனை எதுல சேர்க்கறதுன்னு கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காம "மெக்கானிக்கல் இஞ்சினியரிங் போடுங்கண்ணே. எந்தக் காலத்துலயும் சோறு போடும்"னு சொன்னேன். தமிழ்நாட்டுல ஐநூறுக்கும் மேல இஞ்சினியரிங் காலேஜ் இருந்த காலம் அது. சீட்டுக்குப் பஞ்சமே இல்லை. அண்ணன் முந்திரித் தோப்பை அடமானம் வச்சார். பையன் நல்ல பையன்தான், ஆனா கணக்கு வரலை. ரெண்டு அரியர், அதை முடிக்க இன்னொரு வருசம். இன்னைக்கு ஒரகடம் பக்கத்துல காண்ட்ராக்ட்ல இருக்கான். பிடித்தம் போக கைக்கு வர்றது பதினெட்டாயிரம். தோப்பு இன்னும் மீளலை.

போன பொங்கலுக்கு அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி காபி கொடுத்துட்டு, கோபமே இல்லாம, "நீங்க நல்லதுக்குத்தான் தம்பி சொன்னீங்க"ன்னாங்க. நாலு அறை அறைஞ்சிருந்தாகூட இவ்வளவு வலிச்சிருக்காது.

அதனால இந்தத் தடவை வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாதுன்னு ஒரு வாரமா யோசிச்சதைத்தான் இங்க எழுதறேன். தங்கச்சிக்குச் சொல்ற பதில்தான். அவளை மாதிரி கேட்டுக்கிட்டு இருக்கற மத்தவங்களுக்கும் உதவலாம்.

எங்க ஊரு விருத்தாசலம். "ஆத்துல போட்டு குளத்துல தேடறது"ன்னு சொல்றோமே, அது இந்த ஊர்லதான் ஆரம்பிக்குது. சுந்தரருக்கு இங்க சிவபெருமான் 12,000 பொன் கொடுத்தாராம். அதை மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்துல எடுத்துக்கோன்னாராம். அவரும் போட்டார், அங்க போய் எடுத்தார். அவருக்கு சாமி துணை. நம்ம ஜனங்க நாலு வருசம் லட்ச லட்சமா ஒரு ஆத்துல போட்டுட்டு, சென்னையில ஒரு குளத்துல இறங்கித் துழாவிக்கிட்டு இருக்கோம். சேறுதான் வருது.

சரி, அப்படின்னா படிப்பே வேண்டாம், மூணு மாசத்துல ஒரு வேலை கத்துக்கிட்டு சம்பாதிக்கலாம்னு கிளம்பிடலாமா? அதுக்கும் எங்க ஊரே ஒரு பாடம் வச்சிருக்கு.

விருத்தாசலம்னா வெளியூர்க்காரங்களுக்கு ரயில்வே ஜங்ஷனும் பழமலைநாதர் கோயிலும் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு இன்னொண்ணு உண்டு, செராமிக். பக்கத்துல நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்கு மேல இருக்கற மண்ணைத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் வரும். பீங்கானுக்கு ஏத்த மண். அதை நம்பித்தான் இங்க பீங்கான் தொழிற்பேட்டையும், ஊர்க்காரங்க 'செராமிக் காலேஜ்'னு சொல்ற அரசு பாலிடெக்னிக்கும். ஊறுகாய் ஜாடி, டீ கப்பு, கரண்டு சாமான், கொலு பொம்மை, அகல் விளக்கு... ஒரு காலத்துல இந்த ஊர்ல படிப்பு வராத பையனைப் பார்த்து "பேட்டையில சேர்த்து விடு"ன்னுதான் சொல்லுவாங்க.

போன கார்த்திகைக்கு முன்னாடி தங்கச்சி பையனைக் கூட்டிக்கிட்டு விளக்கு வாங்க அந்தப் பக்கம் போனேன். ஒரு பட்டறையில பத்துப் பதினைஞ்சு பொம்பளைங்க உட்கார்ந்திருந்தாங்க. மண்ணை அச்சுல வச்சு ஒரு அழுத்து, எடுத்துப் பலகையில அடுக்கு. அவ்வளவுதான். பக்கத்துல ரெண்டு பேர் காய்ஞ்ச விளக்கோட ஓரத்தை ஈரப் பஞ்சால துடைச்சிக்கிட்டு இருந்தாங்க. "இதைக் கத்துக்க எவ்வளவு நாள் ஆச்சு?"ன்னு மாப்ள கேட்டான். அந்தம்மா சிரிச்சாங்க. "கத்துக்க என்னப்பா இருக்கு, ரெண்டு நாள் கை பழகணும்." ஆயிரம் விளக்குக்கு இவ்வளவுன்னு கூலி. கார்த்திகை வரைக்கும் ராத்திரி பகலா வேலை. தீபம் முடிஞ்ச மறுவாரம்? "அப்புறம் கூப்புடுவாங்க. கூப்பிடாட்டி களை எடுக்கப் போவோம்."

அதே பட்டறையில பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல அச்சு செய்யற பெரியவர் ஒருத்தர் இருந்தார். பொம்மை செய்யறப்ப மண்ணைக் கூழா கரைச்சு அந்த அச்சுக்குள்ள ஊத்துவாங்க. பிளாஸ்டர் தண்ணியை உறிஞ்சிக்கும், ஓரமா மண்ணு படிஞ்சு கெட்டியாகும், மிச்சக் கூழைக் கவிழ்த்துட்டா உள்ளே வெறுமையா பொம்மை நிக்கும். அந்த அச்சை எங்க ரெண்டா பிரிக்கணும், எந்த இடத்துல மூணாவது துண்டு போடணும், மூக்கு உடையாம எப்படி எடுக்கணும், இதெல்லாம் அவர் கையில இருக்கு. இன்னொருத்தர் சூளை ஆள். ஆயிரத்துச் சொச்சம் டிகிரி சூட்டுல சாமான் வெடிக்காம, வளையாம, மினுமினுப்பு ஒழுகாம இறக்கணும். கொஞ்சம் அவசரப்பட்டு சூட்டை ஏத்தினாலோ, சீக்கிரம் கதவைத் திறந்தாலோ ஒரு வாரத்து உழைப்பு மொத்தமும் சில்லு. இந்த ரெண்டு பேருக்கும் கார்த்திகை முடிஞ்சாலும் வேலை இருக்கு. "பக்கத்துப் பட்டறைக்காரன் கூப்பிடறான், நான்தான் போகலை"ன்னு அச்சுக்காரர் கொஞ்சம் பெருமையாவே சொன்னார்.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. "டிமாண்ட் உள்ள வேலை"ன்னு நாம சொல்றோமே, அதுல ஒரு குழப்பம் இருக்கு. டிமாண்ட் விளக்குக்கு இருந்தது. விளக்கு அழுத்தறவங்களுக்கு இல்லை. அவங்க போனா இன்னொருத்தர் ரெண்டு நாள்ல வந்து உட்கார்ந்துடுவாங்க. பொருளுக்குக் கிராக்கி இருந்தா முதலாளிக்கு லாபம். ஆளுக்குக் கிராக்கி இருந்தாத்தான் உனக்குக் கூலி. டெலிவரி வேலையும் இதே கதைதான். ஒரே நாள்ல சேரலாம், சரி. ஆனா ஊர்ல இருக்கற அத்தனை பேரும் ஒரே நாள்ல சேரலாமே!

அப்போ எந்த வேலை? இதுக்கு என் வீட்டு பாத்ரூம் பதில் சொல்லுச்சு. (சிரிக்காதீங்க. நிஜமாத்தான்.)

ரெண்டு வருசம் முன்னாடி வீட்டை எடுத்துக் கட்டினேன். டைல்ஸ் ஒட்ட ஒரு பையன் வந்தான். மத்தவங்களை விட சதுர அடிக்கு எட்டு ரூபா கம்மி. நானும் சாமர்த்தியசாலி இல்லையா, அவனுக்கே கொடுத்தேன். ஒட்டி முடிச்சான், பளபளன்னு இருந்தது. முதல் நாள் குளிச்சப்பவே தெரிஞ்சு போச்சு. தண்ணி ஓட்டைப் பக்கம் போகலை, கதவுப் பக்கம் வந்து நின்னுது. வாட்டம் தப்பு. ஹால்ல தட்டிப் பார்த்தா பாதி டைல்ஸ் 'டொக் டொக்'னு சத்தம். அடியில சாந்து முழுசா பிடிக்கலை. ஒரு மாசம் கூடமாட நின்னுட்டு தனியா கிளம்பின பையன் போலிருக்கு. பாத்ரூமை முழுக்க உடைச்சேன். மிச்சம் பிடிச்ச எட்டு ரூபாய்க்கு நான் கொடுத்த விலையை நினைச்சா இப்பவும் தூக்கம் வராது.

அப்புறம் வந்தவர் வேற மாதிரி. வந்ததும் டைல்ஸைத் தொடவே இல்லை. டியூப்ல தண்ணி ஊத்தி நாலு மூலைக்கும் மட்டம் குறிச்சார். நூல் கட்டினார். ஓட்டையிலிருந்து சுவருக்கு எவ்வளவு ஏறணும்னு கணக்குப் போட்டார். ஒவ்வொண்ணையும் வச்சு, ரப்பர் சுத்தியால தட்டி, ரசமட்டம் வச்சுப் பார்த்து, சரியில்லைன்னா பெயர்த்து மறுபடி வச்சார். "பழைய டைல்ஸ் தண்ணி குடிக்கும் சார், அதான் ஊறவச்சு சிமெண்டுல ஒட்டுவோம். இந்த விட்ரிஃபைடு தண்ணியே குடிக்காது. வெறும் சிமெண்டுல வச்சா பிடிப்பு இருக்காது. பசை போட்டுத்தான் ஒட்டணும்"னார். செராமிக் காலேஜ்ல பாடமா நடத்தற விஷயம். பத்தாங்கிளாஸ்ல நின்னவர் பாத்ரூம்ல உட்கார்ந்து எனக்கு நடத்தினார்.

அவர் வாங்கினது சதுர அடிக்கு 30 ரூபா. அவரும் ஒரு கையாளும் சேர்ந்து ஹால் மாதிரி வெட்டவெளியா இருந்தா நாளைக்கு 100 சதுர அடி. 3,000 ரூபா. கையாளுக்கு 900, பிளேடு, பெட்ரோல்னு 300. மிச்சம் 1,800. மாசம் இருபது நாள் வேலை இருந்தா 36,000. ஒரகடத்துல இருக்கற நம்ம இஞ்சினியர் பையன் ஞாபகம் வந்து, நான் அந்தக் கணக்கை ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

இதுல ஒரு வேடிக்கையைக் கவனிங்க. இந்தியாவுல டைல்ஸ் பெரும்பகுதி எங்க செய்யறாங்க? குஜராத்துல மோர்பிங்கற ஊர்ல. பீங்கான் ஊரான எங்க ஊருக்கே டைல்ஸ் அங்கிருந்து லாரியில வருது. செய்யற தொழில் எங்க மலிவோ அங்க போயிடும். ஆனா என் பாத்ரூம் மோர்பிக்குப் போகாது. ஒட்டறவன் இங்கதான் வந்தாகணும். அதுக்குத்தான் ராஜஸ்தான்லேர்ந்தும் ஒடிசாவிலேர்ந்தும் பையனுங்க இங்க வந்து தங்கி வேலை செய்யறாங்க. அவங்களைக் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை. வேலை இருக்கற இடம் அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சது, நம்ம கண்ணுக்குத் தெரியலை.

ஆக, சீக்கிரம் கத்துக்கற வேலை எதுவா இருந்தாலும் மூணு கேள்வி கேட்டுப் பார்க்கணும்னு தோணுது.

முதல் கேள்வி: இந்த வேலை நாளைக்கும் இருக்குமா? ஊறுகாய் ஜாடி இடத்துல பிளாஸ்டிக் டப்பா வந்துடுச்சு. பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்த இடத்துல எம்.சி.பி. வந்துடுச்சு. பீங்கான் குழாய்க்குப் பதிலா பி.வி.சி. இதுல யார் தப்பும் இல்லை. ஆனா எங்க ஊர்க்காரங்க நிறைய பேரோட பிழைப்பு அதுல அடிபட்டுப் போச்சு. பொருளை நம்பின வேலை பொருளோட போகும். இடத்தை நம்பின வேலை, அதாவது வீட்டுக்கே வந்து செஞ்சாகணும்கற வேலை, அவ்வளவு சுலபமா போகாது. ஒயரிங், பிளம்பிங், ஏ.சி., போர் மோட்டாருக்குக் காயில் கட்டறது, வயசானவங்களை வீட்டுல இருந்து பார்த்துக்கறது எல்லாம் இந்த ரகம். 2024-ல மத்திய அரசு வீட்டுக்கூரை சோலாருக்கு 78,000 ரூபா வரைக்கும் மானியம்னு அறிவிச்சதுக்கப்புறம் எங்க தெருவுலயே மூணு வீட்டுல தகடு ஏறிடுச்சு. தகடு எங்கிருந்து வேணா வரட்டும், மொட்டை மாடியில ஏறி முடுக்கறவன் உள்ளூர்க்காரன்தானே.

ரெண்டாவது கேள்வி: இதுல அடுத்த படி இருக்கா? மூணு மாசத்துல நீ கத்துக்கறதை மூணு மாசத்துல அடுத்தவனும் கத்துக்குவான். அதுக்கு மேல ஏற ஒரு படி வேணும். விளக்கு அழுத்தற அந்தம்மாவை யாரும் அச்சு செய்யக் கூப்பிடலை, சூளைகிட்ட விடலை. வருசக் கணக்கா அதே பலகை. அது அவங்க தப்பு இல்லை. படியே வைக்கலை. டைல்ஸ்ல பாருங்க: கலவை போடற கையாள், அப்புறம் சுவர், அப்புறம் தரை, அப்புறம் பாத்ரூம் வாட்டம், படிக்கட்டு, பெரிய ஸ்லாப், அப்புறம் தானே ஆள் வச்சு காண்ட்ராக்ட். ஆனா ஒவ்வொரு படிக்கும் வருசம் ஆகும். மூணு மாசத்துல வேலையில சேரலாம். மூணு மாசத்துல வேலைக்காரன் ஆக முடியாது. என் பாத்ரூமை நாசம் பண்ணின பையன் இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சவன்.

மூணாவது கேள்வி: உடம்பு? இதை யாரும் பேசறதில்லை. டைல்ஸ்காரருக்கு நாற்பது தாண்டினா முட்டியும் இடுப்பும் போகும். டைல்ஸ் வெட்டறப்ப கிளம்பற தூசியில சிலிக்கா இருக்கு. பீங்கான் பட்டறைத் தூசியும் அப்படித்தான். அது நுரையீரல்ல படிஞ்சு நோயாச்சுன்னா பழைய நுரையீரல் திரும்பாது. தண்ணி விட்டு வெட்டறது, நல்ல முகமூடி போடறது, இதெல்லாம் முதல் நாள்லேர்ந்து பழகணும். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணிக்கணும். விபத்துன்னாலும் உதவி உண்டு, அறுபது வயசுக்கப்புறம் ஓய்வூதியமும் உண்டு. வேலை செய்யறவங்கள்ல எத்தனை பேர் பதிவைப் புதுப்பிக்கறாங்க? எங்க டைல்ஸ்காரரே "கார்டு எங்கியோ இருக்கு சார்"னுதான் சொன்னார். அந்த 36,000 கணக்குல முட்டி வலிக்கும், மழை மாசத்துக்கும், பாக்கி நிக்கற காசுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிட்டுத்தான் சந்தோசப்படணும்.

இங்க ஒருத்தர் கையைத் தூக்குவார். எனக்குத் தெரியும். "அடுத்தவன் பிள்ளையைக் கொத்தனார் வேலைக்கு அனுப்பறியே, உன் பொண்ணு என்ன படிக்குது?"

நியாயமான கேள்வி. என் பொண்ணு காலேஜ்லதான் படிக்கறா. டிகிரி. இதை மறைச்சிட்டு இந்தப் பதிவை எழுதினா நான் அயோக்கியன். தமிழ்நாட்டுல "தொழில் கத்துக்கோ"ங்கற பேச்சுக்கு ஒரு பழைய காயம் இருக்கு. 1953-ல ராஜாஜி, பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் அப்பன் தொழில்னு ஒரு திட்டம் கொண்டு வந்தார். குலக்கல்வின்னு ஊரே எதிர்த்தது. 1954-ல காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு இல்லைன்னா, நான் இன்னைக்கு உட்கார்ந்து கணக்கு எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன். எங்க தாத்தா செஞ்ச வேலையையே செஞ்சுக்கிட்டு இருந்திருப்பேன். அதனால "படிக்காதே"ன்னு சொல்ற உரிமை எனக்குக் கிடையாது. யாருக்கும் கிடையாது.

நான் சொல்றது வேற. எந்தப் பையன் எதைப் படிக்கணும்னு அவன் பொறந்த வீட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க. அதே சமயம், கணக்கு வராத பையனை ஊர் மெச்சறதுக்காக தோப்பை அடமானம் வச்சு நாலு வருசம் ஒரு பெஞ்சுல உட்கார வைக்காதீங்க. ரெண்டும் ஒரே தப்புதான். ரெண்டுலயும் பையனை யாரும் கேட்கறதில்லை. 2013-ல நானும் கேட்கலை. அண்ணன்கிட்ட பேசினேன், அண்ணிகிட்ட பேசினேன். பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்த பையன்கிட்ட "உனக்கு என்னடா பிடிக்கும்"னு ஒரு வார்த்தை கேட்கலை. அவன் அப்பவே சைக்கிள், மிக்சி எல்லாம் பிரிச்சு மாட்டுவான். அது எங்க யாருக்கும் படிப்பா தெரியலை.

இன்னொரு விஷயம், தொழில் பக்கம் போனா படிப்புக் கதவு அடைச்சிடும்னு ஒரு பயம் இருக்கு. அடைக்காது. ஐ.டி.ஐ.ல வெல்டர் ஒரு வருசம், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் ரெண்டு வருசம். அரசு ஐ.டி.ஐ.ல பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகையும் உண்டு. அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு 2022-லேர்ந்து புதுமைப் பெண் திட்டம், பையனுங்களுக்கு 2024-லேர்ந்து தமிழ்ப் புதல்வன் திட்டம், மாசம் 1,000 ரூபா. அது ஐ.டி.ஐ.க்கும் சேர்த்துத்தான். ரெண்டு வருச ஐ.டி.ஐ. முடிச்சா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருசம் சேரலாம். டிப்ளமோ முடிச்சா பி.இ.யில நேரா ரெண்டாவது வருசம். சுத்து வழிதான். ஆனா வழியில ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கி சம்பாதிக்கலாம். நேர் வழியில போற வண்டி நடுவுல எங்கயும் நிக்காது. பாதியில இறங்கினவன் தண்டவாளத்துலதான் நிக்கணும்.

ஐ.டி.ஐ.யும் போகாம கூடமாட நின்னே ஒயரிங் கத்துக்கிட்டவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுன்னு அரசு நடத்துது. அஞ்சு வருச அனுபவம் காட்டி எழுதலாம். கையில இருக்கற வேலைக்கு ஒரு காகிதம் கிடைக்கும். இந்தக் காகிதத்தை "எதுக்கு"ன்னு விட்டுடாதீங்க. கை வேலை சோறு போடும். காகிதம்தான் அடுத்த படிக்கு ஏத்தி விடும்.

சரி, தங்கச்சிக்கு என்ன பதில் சொன்னேன்?

நேத்து ராத்திரி நான் போன் பண்ணினேன். "போனை அவன்கிட்ட கொடு"ன்னேன்.

"மாமா..."

"என்னடா மாப்ள பண்ணலாம்னு இருக்க?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "தெரியலை மாமா. ஏ.சி. வேலை பிடிச்சிருக்கு. டைல்ஸ்காரர் வேலையும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பசங்க எல்லாம் காலேஜ் போறாங்க..."

அந்தக் கடைசி வார்த்தையிலதான் எல்லாம் இருக்கு. பையனுங்களுக்கு வேலை கிடைக்குமாங்கறதை விட, "நீ என்ன பண்றே"ன்னு கேட்டா என்ன சொல்றதுங்கற கவலைதான் பெருசா இருக்கு. அது அவன் குத்தம் இல்லை. டைல்ஸ்காரருக்கு டீயை வாசல்ல வச்சுக் கொடுத்தது யாரு? எங்க வீட்டுலதான். தனி டம்ளர்ல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஒண்ணும் சொல்லலை. அதை அந்தப் பையனும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தான். அப்புறம் அவன்கிட்ட "உழைப்புக்கு மரியாதை உண்டு"ன்னு நான் எந்த வாயால சொல்றது?

சுந்தரர் கதையில ஒரு சின்ன விஷயம் உண்டு, பலபேர் மறந்துடுவாங்க. பொன்னை ஆத்துல போடறதுக்கு முன்னாடி அவர் அதுல கொஞ்சம் மச்சம் வெட்டி எடுத்து வச்சுக்கிட்டார். குளத்துல எடுத்த பொன்னை அதோட உரைச்சுப் பார்க்க. சாமி கொடுத்த பொன்னுக்கே மச்சம் எடுத்து வச்சவர் அவர். நாம யாரோ ஒரு மாமா சொன்னார்னு மொத்தத்தையும் போட்டுடறோம்.

அதனால அவன்கிட்ட இவ்வளவுதான் சொன்னேன். "அட்மிஷனுக்கு இன்னும் நாள் இருக்கு. பதினஞ்சு நாள் ஏ.சி. மெக்கானிக் கூட போ, பதினஞ்சு நாள் டைல்ஸ்காரர் கூட போ. நான் பேசி வைக்கறேன். சம்பளம் கேட்காத, சாயங்காலம் வந்து எனக்குக் கதை சொல்லு. வெயில்ல நின்னப்பவும் பிடிச்சிருக்கான்னு பாரு. அதுக்கப்புறம் ஐ.டி.ஐ.யா, செராமிக் காலேஜா, டிகிரியா, நீ சொல்லு. உங்கம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன்."

"சரி மாமா"ன்னான். குரல்ல கொஞ்சம் தெளிவு இருந்த மாதிரி எனக்குப் பட்டது. என் பிரமையாவும் இருக்கலாம்.

வர்ற திங்கக்கிழமை டைல்ஸ்காரர் வீட்டுக்கு வர்றார், மொட்டை மாடி வேலை பாக்கி இருக்கு. டீ உள்ளே உட்கார வச்சுத்தான். வீட்டம்மாகிட்ட சொல்லியாச்சு.

பி.கு: ஒரகடத்துப் பையன்கிட்டயும் பேசினேன். ரொம்ப வருசம் கழிச்சு, "உனக்கு என்னடா பிடிக்கும்"னு இப்பவாவது கேட்டேன். சிரிச்சான். "இப்ப கேக்கறீங்களே சித்தப்பா"ன்னான். லீவுக்கு ஊருக்கு வர்றப்ப மோட்டார் காயில் கட்டறவர்கிட்ட போய் உட்காருவானாம். யாருக்கும் சொல்லலையாம்.